நல்லவர்தான், ஆனால் மனதைக் காட்டமாட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருக்கிற இளம் பெண்கள் என்னிடம் கேட்டவை இவை. சில பையன்களும் கேட்டிருக்கிறார்கள். ஆளைக் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. வேலைக்கு ஒழுங்காகப் போவார், பொய் சொல்லமாட்டார், அவசரம் என்றால் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். ஆனால் மனசில் என்ன இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லமாட்டார், முகத்திலும் ஒன்றும் தெரியாது. அப்படி ஒருவரோடு பழகுகிறவர்களுக்காக எழுதினேன். பெரும்பாலும் பெண்கள் கேட்டதால் “அவர்” என்று ஆணை வைத்தே எழுதியிருக்கிறேன்.

பிடித்திருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அப்படியென்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்?

அவசரப்படாதீர்கள். மனசில் இருந்தும் வாயில் வராதவர்கள் உண்டு. மனசிலேயே இல்லாததால் சொல்லாதவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி இருப்பார்கள், தொல்லையே அதுதான்.

அவர் செய்கிற காரியங்களைப் பாருங்கள். எல்லாருக்கும் உதவுகிற பையன் உங்களுக்கும் உதவினால் அது அவருடைய நல்ல குணம், அவ்வளவுதான். உங்களுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று எப்போதோ ஒரு தடவை சொன்னதை ஞாபகம் வைத்து, ஒட்டுக்கடையில் இறால் போடாமல் மீ கோரேங் கட்டி வாங்கி வந்தால் அது வேறு. அதில் நீங்கள் இருக்கிறீர்கள். முதல் வகை உதவியை மட்டுமே வைத்துக்கொண்டு “உள்ளுக்குள்ள ரொம்ப ஆசை இருக்கு, காட்டத் தெரியல” என்று கதை கட்டிக்கொள்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை அந்தப் பையன் எழுதவில்லை.

உதவி செய்வதே அன்புதானே? இதற்கு மேல் கேட்பது பேராசையா?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பாட்டி இறந்துபோனார். தோட்டத்து வீட்டில் சாவு என்றால் எவ்வளவு வேலை என்று உங்களுக்கே தெரியும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பதிந்து அடக்கத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். கூடாரம் கட்ட வேண்டும், நாற்காலி இறக்க வேண்டும், ராத்திரி முழுக்க வருகிறவர்களுக்குக் கோப்பி கலக்க வேண்டும். அவளோடு பழகிக்கொண்டிருந்த பையன்தான் அத்தனையும் ஓடி ஓடிச் செய்தான். விடியும்வரை உட்காரவில்லை. “இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா” என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சிவிட்டுப் போனார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவள் என்னிடம் சொன்னாள்: “வந்தவங்க எல்லாருக்கும் நாற்காலி போட்டாருக்கா. என் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு அஞ்சு நிமிஷம் உக்காரல.”

அவள் நன்றி கெட்டவள் இல்லை. அவன் செய்தது அவளுக்குத் தெரியும், அதற்குக் கடமைப்பட்டவள் என்றும் தெரியும். அவளுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது வேறொன்று, அது கிடைக்கவில்லை. கூடாரத்தை யார் வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம். பக்கத்தில் உட்கார அவன் ஒருவன்தான் இருந்தான்.

இதையே அவனிடம் சொல்லச் சொன்னேன், அதே வார்த்தையில். சொன்னாள். இரண்டு நாள் ஆளையே காணோம். அப்புறம் வந்து, “அங்க உக்காந்தா என்ன பேசுறதுன்னு தெரியல. அதான் வேலை செஞ்சேன்” என்றானாம். அந்த ஒரு பதிலில் அவளுக்குப் பாதி கோபம் போய்விட்டது. முதல் திதிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பாதி நேரம் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனாலும் எழுந்து போகவில்லை.

ஆகவே பேராசை இல்லை. வீட்டுக் கூரை ஒழுகினால் ஏறி அடைக்கிற ஆளும் வேண்டும், மனசு உடைந்தால் பக்கத்தில் இருக்கிற ஆளும் வேண்டும். ஒருவரே இரண்டுமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கல்யாணம் வரை போக நினைக்கிறவர்களுக்கு நியாயமான எதிர்பார்ப்புதான். எல்லா நாளும் வேண்டாம். முக்கியமான நாளில் வேண்டும்.

ஏன் இப்படி இருக்கிறார்? எஸ்டேட்டில் வளர்ந்ததாலா?

கொஞ்சம் அதனாலும் இருக்கலாம். நம் அப்பா அம்மா காலத்துத் தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும், அதனால் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, போயாக வேண்டும். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. கைக்குழந்தையை விடியுமுன் தூக்கிக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். மத்தியானம் திரும்பும்போது உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது. அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. குலை வெட்டிச் சுமக்கிற வேலை முதுகை முறிக்கிற வேலை. அந்த வீடுகளில் யாரும் யாரையும் உட்காரவைத்து “இன்னிக்கு மனசு எப்படி இருக்கு?” என்று கேட்டதில்லை. மூடி வைத்த சோறும் தேய்த்து வைத்த பள்ளிச் சட்டையும்தான் பேச்சு.

ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுச் சுவர் இன்னொரு காரணம் என்பது என் எண்ணம். இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். கொஞ்சினால் மறுநாள் குழாயடியில் கேலி. அப்படி இடத்தில் வாயை அடக்கிப் பழகியவர்களின் பிள்ளைகள் தோட்டம் விற்கப்பட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அதே பழக்கத்தோடு வந்தார்கள்.

குழந்தை அழைத்தால் யாராவது வருகிறார்களா, எவ்வளவு ஒழுங்காக வருகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மற்றவர்களை நம்பப் பழகுகிறது என்று பிரிட்டனின் ஜான் பௌல்பி எழுதினார். மேரி எயின்ஸ்வர்த் குழந்தைகளை நேரில் கவனித்து அதை விரிவாக்கினார். கூப்பிட்டும் பயனில்லை என்று பழகிய குழந்தை கூப்பிடுவதையே குறைத்துக்கொள்கிறது. 1987இல் ஹேசான், ஷேவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெரியவர்களின் காதலிலும் இதே சாயல்கள் இருப்பதாகக் காட்டினார்கள். நெருக்கம் கூடக் கூட ஒரு அடி பின்னால் போகிற ஆட்களை அந்தக் கண்ணால் பார்த்தால் கொஞ்சம் புரியும்.

ஆனால் இதையே பிடித்துக்கொள்ள வேண்டாம். அதே லயத்தில், அதே அம்மா வயிற்றில் பிறந்த அவருடைய தம்பி வாய் மூடாமல் பேசுவான். பிறவிச் சுபாவமும் இருக்கிறது. இன்னொரு சாராருக்குத் தங்களுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று தங்களுக்கே பிடிபடாது. கோபமா, பயமா, துக்கமா என்று கேட்டால் “நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, தலை வலிக்குது” என்பார்கள். 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர் வைத்தார். இது தனி நோய் இல்லை, ஒரு குணப்பாங்கு. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்று ஆய்வுகளில் படிக்கிறோம். அவரிடம் “ஏன் மறைக்கிறீங்க?” என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். மறைக்க அவர் கையில் ஒன்றும் இல்லை.

காரணம் எதுவானாலும், அது தெரிந்ததும் உங்கள் தேவை இல்லாமல் போய்விடாது.

புலனத்தில் (வாட்ஸ்அப்) “ம்”, “சரி”, “சாப்டியா” மட்டும்தான். நான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

பக்கம் பக்கமாக எழுதுவதை நிறுத்துங்கள். ஆலையில் சிஃப்ட் வேலை பார்க்கிறவர் பத்து நிமிட ஓய்வில் உங்கள் கட்டுரையைப் படித்து என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் “ம்” போடுகிறார். பலருக்கு எழுத்தே வராது, அதிலும் கைப்பேசியில் தட்டுவது வரவே வராது. குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு வரி நீங்களும் பேசி அனுப்புங்கள். நம் ஊரில் “பசியாறியாச்சா?” என்பது வெறும் சாப்பாட்டுக் கேள்வி இல்லை என்பதையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நேரிலும் அதே “ம்” என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

வெளியில் கையைக்கூடப் பிடிக்கமாட்டார். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இரண்டு அடி தள்ளித்தான் நடப்பார்.

இதில் அவருடைய மனசைவிட ஊருடைய கண் பெரிதாக வேலை செய்கிறது. சின்ன ஊர். நீங்கள் அவர் பின்னால் மோட்டாரில் ஏறியதை, நீங்கள் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் உங்கள் அத்தையிடம் சொல்லிவிடுவார்கள். உங்கள் பெயர் கெடக்கூடாது என்றுதான் பல பையன்கள் தள்ளி நடக்கிறார்கள். ஈப்போவுக்குப் போனால், பேரங்காடியில் யாருக்கும் உங்களைத் தெரியாத இடத்தில் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். அங்கே கொஞ்சம் இளகினால் கவலை இல்லை. அங்கேயும் இரண்டு அடி என்றால் கேட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. “யாரும் பார்க்கக்கூடாது” என்பது வருஷக்கணக்கில் நீண்டு, அவருடைய ஒரு நண்பனுக்குக்கூட உங்களைத் தெரியாது என்றால், அதற்குக் கூச்சம் என்று பெயர் இல்லை.

சரி, எப்படிக் கேட்பது? கேட்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாரே.

பெரும்பாலும் நாம் கேட்கிற விதத்திலேயே சிக்கல் ஆரம்பிக்கிறது. “என்மேல உங்களுக்கு ஆசையே இல்லையா?” என்பது கேள்வி மாதிரி இருந்தாலும் குற்றச்சாட்டுதான். அதற்கு அவர் என்ன பதில் சொன்னாலும் நீங்கள் நம்பப்போவதில்லை, அது அவருக்கும் தெரியும். அதனால் பேசாமல் இருப்பார். நீங்கள் இன்னும் உரக்கக் கேட்பீர்கள், அவர் இன்னும் சுருங்குவார். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதிகளிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறார்: ஒருவர் துரத்த மற்றவர் விலகுவது. யாருக்கு மாற்றம் வேண்டுமோ அவர் துரத்துகிறவராக ஆகிவிடுவது வழக்கம். உங்களிடம் அவர் எதையாவது மாற்றச் சொல்கிற நாளில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என் அனுபவத்தில் பலன் கொடுப்பது, செய்யக்கூடிய ஒரு காரியமாகக் கேட்பது. “என்கிட்ட அன்பா இருங்க” என்றால் அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. “வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை கூப்பிடுங்க, ரெண்டு நிமிஷம் போதும்” என்றால் தெரியும். “நான் அழுதா சமாதானம் சொல்ல வேணாம், கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா போதும்” என்றாலும் தெரியும். தீர்வு சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற பயம் இந்த மாதிரி ஆட்களுக்கு நிறைய உண்டு. அந்தப் பாரத்தை இறக்கி வைத்தால் பாதி பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எப்போது கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். மாமாக் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். ஈப்போவிலிருந்து திரும்புகிற வழியில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, அவர் மோட்டாருக்கு செயின் இறுக்கிக்கொண்டிருக்கும்போது கேளுங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குப் பயம் குறையும். கேட்ட பிறகு சும்மா இருங்கள். அந்த மௌனம் உங்களுக்கு நீளமாகத் தெரியும், அவர் உள்ளே தேடிக்கொண்டிருப்பார். நீங்களே பதிலையும் சொல்லிக் கொடுத்தால் “ஆமா” என்று முடித்துவிடுவார்.

சண்டை சூடாகிவிட்டால் நிறுத்திவிடுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஜான் கோட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் காதில் விழுவது மண்டையில் ஏறாது என்கிறார். குறைந்தது 20 நிமிடம் விலகி இருந்தால்தான் உடம்பு இறங்கும். வெளியில் கல் மாதிரி நிற்கிறவருக்கு உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் விலகுகிறவர் “அப்புறம் பேசலாம், ராத்திரி எட்டு மணிக்கு” என்று நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அதன்படி திரும்பி வரவும் வேண்டும். சொல்லாமல் எழுந்து போய் மூன்று நாள் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி “சாப்டியா” என்று கேட்பது இந்தக் கணக்கில் வராது.

கோட்மனின் இன்னொரு கண்டுபிடிப்பும் இங்கே உதவும். தம்பதிகள் நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். “மழை வர்ற மாதிரி இருக்கு பாருங்க” என்பதும் ஒரு அழைப்புதான். மற்றவர் நிமிர்ந்து பார்க்கிறாரா, காதில் விழாத மாதிரி இருக்கிறாரா என்பதை அவர் எண்ணினார். புதுமணத் தம்பதிகளை ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, சேர்ந்திருந்தவர்கள் அந்த அழைப்புகளில் 86 விழுக்காட்டுக்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 விழுக்காட்டுக்குத்தான். அமெரிக்கத் தம்பதிகள்தான், நம் ஊர்க் கணக்கு இல்லை. ஆனாலும் நல்ல சேதி ஒன்று அதில் இருக்கிறது: இதற்குப் பேச்சுத் திறமை தேவையில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி “ஆமா, துணியை எடுத்துரு” என்றால் போதும். உங்கள் ஆள் இதைச் செய்கிறாரா என்று ஒரு வாரம் கவனியுங்கள். கவிதை பேசாதவர்கள் பலர் இதில் நல்ல மதிப்பெண் வாங்குவார்கள்.

கேட்டு வாங்குகிற அன்பு ஓர் அன்பா? தானாக வர வேண்டாமா?

இந்த எண்ணத்தைத் தொலைக்கிற பெண்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நீங்கள் சொல்லாமல் அவர் கண்டுபிடிக்க வேண்டும் என்பது பரீட்சை வைப்பது, அதுவும் பாடத்திட்டம் கொடுக்காமல். ஒரு தடவை சொன்னதும் செய்கிறார், அடுத்த தடவை சொல்லாமலே செய்கிறார் என்றால் அது கேட்டு வாங்கியதுதான், ஆனாலும் சொந்தமாகிவிட்டது.

ஆனால் அதே விஷயத்தை ஐந்தாம் தடவை, பத்தாம் தடவை சொல்லிக்கொண்டிருந்தால் அது வேறு. அவருக்குத் தெரியாதது இனி ஒன்றுமில்லை. தெரிந்தும் அசையவில்லை. காட்டத் தெரியாதவர், காட்ட மனமில்லாதவர் என்ற வித்தியாசம் கேட்பதற்கு முன்னால் தெரியாது. கேட்ட பிறகுதான் தெரியும்.

“குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான், சம்பளத்தை வீட்டுல குடுப்பான். வேறென்ன லா வேணும் உனக்கு?” என்கிறார்கள் வீட்டில்.

இப்படிச் சொல்கிற அம்மாக்களையும் பெரியம்மாக்களையும் நான் குறை சொல்லமாட்டேன். கள்ளும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் குடித்துச் சம்பள நாளிலேயே சம்பளத்தைத் தொலைத்த ஆண்களோடு வாழ்ந்து கழித்தவர்கள் அவர்களில் பலர். அடி வாங்காமல் ஒரு ராத்திரி தூங்கினால் போதும் என்று இருந்தவர்களுக்குப் பேசாத புருஷன் வரப்பிரசாதம். அதே வாய்கள் ஆள் பிடிக்கவில்லை என்றால் “ஊமை ஊரைக் கெடுக்கும்” என்றும் சொல்லும், அது வேறு கதை.

ஆனால் அவர்களுடைய அளவுகோல் அவர்கள் பட்ட பாட்டுக்கு ஏற்றது. குடிக்காமல் இருப்பதும் கை நீட்டாமல் இருப்பதும் ஒருவர் உள்ளே நுழைவதற்கான தகுதி. அதற்கு மேல்தான் பொருத்தம் பார்ப்பது ஆரம்பமாகிறது. “நல்ல பையனை வேணாம்னு சொல்றா” என்று பேச்சு வரும் என்பதற்காகத் தலையாட்டிவிட்டு, நாற்பது வயதில் யாரோடும் ஒரு வார்த்தை மனம் விட்டுப் பேச முடியாமல் உட்கார்ந்திருக்கிற பெண்களை நான் அறிவேன். அவர்கள் வீட்டில் சண்டை இல்லை, சத்தமும் இல்லை. அந்தப் பையன் நல்லவன் என்பது உண்மையாகவே இருக்கட்டும். நல்லவர் என்பதற்காக ஒருவரைக் கட்டிக்கொள்ள வேண்டிய கடன் யாருக்கும் இல்லை.

கல்யாணம் ஆனால் மாறிவிடுவாரா?

கூச்சம் குறையும். நாலு சுவருக்குள் வந்த பிறகு கையைப் பிடிப்பார், குழந்தை பிறந்தால் அதைக் கொஞ்சுவார், நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். ஆனால் காதலிக்கும்போது நீங்கள் கேட்டதற்குத் துளியும் அசையாதவர் தாலி கட்டியதால் அசைவார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. காதல் காலத்தில்தான் ஆள் அதிகபட்சம் முயற்சி எடுப்பார்.

இங்கே சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நம் ஆட்களில் பலர் வீட்டுக் கடனுக்காகவோ வேறு அவசரத்துக்காகவோ முதலில் ரிஜிஸ்டர் பண்ணிவிட்டு, கோயில் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளி வைக்கிறார்கள். ரிஜிஸ்டரை நிச்சயதார்த்தம் மாதிரி நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே நீங்கள் கணவன் மனைவி. அதிலிருந்து 2 ஆண்டு ஆகாமல் மணவிலக்கு மனு போட முடியாது, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டாலும்கூட. மிகக் கடுமையான நிலைமை என்றால் நீதிமன்றத்தின் தனி அனுமதி வேண்டும். ஒருவர் மட்டும் கேட்கிறார் என்றால் பெரும்பாலும் முதலில் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். “பண்ணிப் பார்ப்போம்” என்று கையெழுத்துப் போடுகிற காரியம் இல்லை இது.

அப்படியானால் எவ்வளவு காலம் பார்க்கலாம்?

நாள் கணக்கு சொல்லமாட்டேன். தெளிவாகக் கேட்ட பிறகு ஒரு தீபாவளி, ஒரு பிறந்தநாள், ஒரு கெட்ட சேதி, ஒரு பெரிய சண்டை, இவ்வளவும் ஒரு சுற்று வந்துவிட்டால் ஆள் தெரிந்துவிடும். சின்ன அசைவாவது இருக்கிறதா என்று பாருங்கள். தடுமாறி, தப்பாகச் செய்தால்கூடச் செய்கிறார் என்றுதான் அர்த்தம். பிறந்தநாளுக்கு ரோஜாப்பூ கேட்டதற்கு ஒரு பூச்செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்த ஆளை எனக்குத் தெரியும். அவரைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மாதம் ஒரு தடவைதான் வருகிறார். தூரத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது?

கஷ்டம்தான். செயலால் காட்டுகிறவர் செயல் செய்ய முடியாத தூரத்தில் இருக்கிறார், பேச்சும் வராது, மிச்சம் என்ன? வாரத்தில் இரண்டு நாள் நேரம் குறித்துக்கொண்டு கூப்பிடச் சொல்லுங்கள். பேச ஒன்றும் இல்லை என்றால் அவர் சமைக்கட்டும், நீங்கள் துணி மடியுங்கள், அழைப்பு ஓடிக்கொண்டிருக்கட்டும். இந்த நிலையில் அவரை விட்டுவிடுவது என்றும் முடிவு எடுக்க வேண்டாம், கட்டிக்கொள்வது என்றும் முடிவு எடுக்க வேண்டாம்.

நான் ஆண். என் பெண்தோழிதான் இப்படி. பொம்பளப் பிள்ளை என்றால் பாசமாகப் பேசுவாள் என்று நினைத்தேன்.

யார் சொன்னது? மேலே எழுதியதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். நம் ஊரில் பெண் முதலில் வாய் திறந்து பிடித்திருக்கிறது என்று சொன்னால் அதை அவளுக்கு எதிராகவே பின்னால் பயன்படுத்துவார்கள் என்ற பயம் உண்டு, அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. அவள் எழுதியதை நீங்கள் நண்பர்கள் குழுவில் காட்டமாட்டீர்கள் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிகிறதா? முதலில் அதைப் பாருங்கள்.

முன்பெல்லாம் நன்றாகப் பேசுவார். கொஞ்ச மாதமாகத்தான் இப்படி ஆகிவிட்டார்.

இது சுபாவம் இல்லை, என்னமோ நடந்திருக்கிறது. உங்கள்மேல் விருப்பம் குறைந்திருக்கலாம், அதுவும் ஒரு சாத்தியம். ஆனால் தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, பந்து விளையாடப் போவதை நிறுத்திவிட்டாரா, கடன் தொல்லையா என்றும் பாருங்கள். மனச்சோர்வு ஆண்களிடம் அழுகையாக வருவதைவிட எரிச்சலாகவோ மௌனமாகவோ வருவது உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். அங்கே மருத்துவரிடம் சொன்னால் மேற்கொண்டு அனுப்பி வைப்பார்கள். உயிரை விட்டுவிடலாம் போல இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வந்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை.

அவர் சொன்னதை நான் கேட்கவில்லை என்றால் வாரக்கணக்கில் பேசமாட்டார். நான் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் பேசுவார். இதுவும் அதே குணம்தானா?

இல்லை. பேசத் தெரியாதவருடைய மௌனத்தில் அவரும் மாட்டிக்கொண்டு தவிப்பார். இது உங்களை வழிக்குக் கொண்டுவர வைக்கிற மௌனம். கூடவே கைப்பேசியைப் பார்ப்பது, யாரோடு பேசுகிறாய் என்று கேட்பது, கை ஓங்குவது இருந்தால் இந்தப் பக்கத்து ஆலோசனை எதையும் அவரிடம் முயன்று பார்க்க வேண்டாம், விலகுங்கள். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவி, குடும்பத்தாருக்குத்தான், காதலர்களுக்கு அதன் பாதுகாப்பு ஆணை கிடைக்காது. ஆனால் அடித்தால் அது குற்றம்தான், போலீசில் புகார் கொடுக்கலாம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999.

எல்லாம் செய்து பார்த்தேன். மாறவில்லை. இவ்வளவு நல்ல ஆளிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

நேரில் சொல்லுங்கள். அவருடைய அம்மாவுக்கோ உங்கள் அத்தைக்கோ சேதி போவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும், அது அவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை. இல்லாத குற்றத்தைத் தேடிப் பிடித்து அவர் தலையில் போடாதீர்கள். “நீங்க எனக்குக் கெடுதல் ஒன்னும் பண்ணல. எனக்குப் பேசுற ஆள் வேணும், உங்களால முடியல, என்னால அது இல்லாம இருக்க முடியல” என்றால் போதும். அவர் “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். அதைப் பார்த்து “பாரு, ஒன்னுமே தோணல” என்று முடிவு கட்டாதீர்கள், அன்றைக்கு மட்டும் அவர் மாறிப் பேசுவார் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். சில பேர் இரண்டு வாரம் கழித்து நீளமாகக் குரல் பதிவு அனுப்புவார்கள். அப்போது மனசு இளகும். திரும்பிப் போவதானால், அந்தப் பதிவில் சொன்னதை நேரில் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஊருக்கு என்ன சொல்வது என்று கேட்கிறீர்களா? “ஒத்து வரல ஆண்ட்டி” என்று சொல்லுங்கள். இரண்டாம் கேள்வி கேட்டால், “பசியாறியாச்சா ஆண்ட்டி?” என்று பேச்சை மாற்றிவிடுங்கள்.